கூட்டம் இல்லாத பாதை

சிகடோகா மணல்மேட்டுத் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் முன் என் கணவர் அங்கே போன் செய்து, இன்றைக்கு எத்தனை சுற்றுலா பஸ் வருகிறது என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்றால்தான் கார் சாவியை எடுப்பார். மதுரையில் பிறந்து, டீச்சர் வேலைக்காக ஃபிஜிக்கு வந்து, இந்த ஊர்த் தமிழரையே கட்டிக்கொண்டு வோட்டுவாலேவில் குடியிருக்கும் எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் சாயங்காலம் ஒரு பூக்கடை முன்னால் நிற்கிற அளவு ஆட்கள், இங்கே ஒரு வாரம் முழுக்கச் சேர்த்தாலும் வரமாட்டார்கள்.

பிறகுதான் சொன்னார். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அன்று தலைநகர் சுவாவில் அவர் வேலை பார்த்த துணிக்கடையின் ஷட்டரைக் கூட்டம் பெயர்த்துவிட்டது. யாரும் அவரை அடிக்கவில்லை. அவரைத் தாண்டித் தாண்டித் துணிகளை எடுத்துப் போனார்கள். ஒருவன் இடித்துவிட்டு 'சாரி' என்றானாம். நேற்று மழை பெய்தது என்பதுபோல இதைச் சொன்னார். அதற்கப்புறம் கோயில் திருவிழா, கல்யாணம் எதற்கும் அவர் போவதில்லை. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். நாட்டை விட்டுப் போகிற சொந்தக்காரர்கள் கடைசியாக எங்களோடு தங்குவார்கள். நான்தான் உள்ளே போய் வழியனுப்புவேன். அவர் காரிலேயே இருப்பார்.

அப்படித்தான் வடக்குத் தீவில் இருக்கும் லம்பாசாவிலிருந்து நாத்தனார் அஞ்சலம்மா வந்தாள். அவளுடைய கரும்பு நிலத்தின் குத்தகையை நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. மகனும் மருமகளும் ஏற்கெனவே ஆக்லாந்தில். "அந்த மணல்மேட்ட ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன், அண்ணே" என்று கேட்டாள். மறுநாள் சனிக்கிழமை. அவர் தயங்கினார், ஆனால் மறுக்கவில்லை. பூங்கா திறக்கும்போதே போய் நின்றோம்.

அங்கே காவல் பார்க்கும் ஃபிஜியப் பெண்மணி, எல்லோரும் போகிற சின்னப் பாதையைக் காட்டினார். "யாரும் போகாத பாதை எது?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மாள் இவர் முகத்தைப் பார்த்தார். அஞ்சலம்மா நெஞ்சோடு அணைத்திருந்த பித்தளைத் தூக்குவாளியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருடைய சாம்பல்?" என்றார்.

"சாம்பல் இல்லை, எலுமிச்சை சாதம்" என்றேன். அந்த அம்மாள் நம்பவில்லை. "இங்கே அனுமதி இல்லை. இந்த மணலுக்குள் எங்கள் பழைய ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போங்கள்" என்றார். பிறகு அஞ்சலம்மாவின் தோளில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றார்.

வீட்டை விற்றபோதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோதும் அழாதவள், யாரும் போகாத அந்தக் காட்டுப் பாதையில் ஏறும்போது அழுதாள். "அந்தம்மா எனக்குத் துக்கம் விசாரிச்சுட்டா, அண்ணி. லம்பாசால ஒருத்தரும் விசாரிக்கல. எல்லாருமே போறவங்க, யாரு யாரக் கேக்கறது?"

இவர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

உச்சியில் கடலைப் பார்த்துச் சாப்பிட்டோம். அப்போது மறுபக்கச் சரிவிலிருந்து, சனிக்கிழமைச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்தார்கள். இவர் எழுந்தார். போக வேறு வழியில்லை. அஞ்சலம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இஸ்கூல் பசங்கதான், அண்ணே." ஒவ்வொரு பிள்ளையும் 'புலா' என்று வணக்கம் சொல்லிக்கொண்டே கடந்தது. இவர் ஒவ்வொருவருக்கும் 'புலா' சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. கடைசிப் பிள்ளை போன பிறகும் ஒருமுறை சொன்னார்.

மறுநாள் விமான நிலையத்தில் நான் கார் கதவைச் சாத்தியபோது, அவரும் இறங்கினார். ஒரு கிராமமே வழியனுப்ப வந்ததுபோல உள்ளே நெரிசல். சுவரோரமாகவே நடந்து வந்தார். பயணிகள் மட்டும் போகும் கண்ணாடிக் கதவருகே அஞ்சலம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நீயும் வந்துடு, அண்ணே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, இல்லை என்றா, எனக்குத் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்ப் பார்வையிலிருந்து மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். ஆள் நிற்பதைக் கண்டு தானியங்கிக் கதவு மூடுவதும் பாதியில் திறப்பதுமாக இருந்தது. காவலாளி மரியாதையாகத்தான் கேட்டான்: "அங்கிள், போறீங்களா, இருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அது மறுபடி திறந்தது.