வண்டியின் இடது சீட்

வண்டியை ஓட்டுவது நான். சத்தம் கேட்டதும் என் காதில்தான். ஆனால் பாப்பாரப்பட்டிப் பட்டறையில் அந்த மெக்கானிக் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"அண்ணா, சத்தம் எப்பிடி வருது? ஸ்டார்ட் பண்றப்பவா, ஓடறப்பவா?"

"அவருக்கு எப்பிடிறா தெரியும்? ஓட்டறது நானு. என்னக் கேளு" என்றேன்.

"கோச்சிக்காதீங்க யக்கா. சொல்லுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். இருக்கட்டும். இப்படி ஆட்களோடு பிழைத்தால் யாருக்குத்தான் வராது? இருந்தாலும் அடக்கிக்கொண்டு சொன்னேன். காலையில் முதலில் கிளப்பும்போது தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். போன மாதம் வரை சூடானதும் நின்றுவிடும், இப்போது நிற்பதில்லை. மேடு ஏறும்போது கூடுகிறது.

அவன் பானெட்டைத் தூக்கினான். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு மறுபடியும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னான்.

"பழைய டீசல் வண்டிண்ணா. கொஞ்சம் மொனகத்தான் செய்யும். லைட்டு எதுனா எரியுதா?"

"மஞ்ச லைட்டு ஒண்ணு வாங்குன நாள்லருந்து எரியுது. செவப்பு எதுவும் எரியல" என்றேன் நான்.

"அப்பப் பயமில்ல. ஆயிலு போன மாசந்தான மாத்துனோம்? ஓட்டுங்க. செவப்பா ஆயில் லைட்டு எரிஞ்சா மட்டும் ஒரு அடி ஓட்டக் கூடாது, சொல்லிட்டன்."

ஆயில் பார்க்கும் கம்பியை அவன் உருவிப் பார்க்கவில்லை. உருவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. பழைய எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், மாற்றியதோடு விட்டுவிடக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வண்டியை விற்ற புரோக்கர் சொன்னானா? அவன் சொன்னதெல்லாம், "லைட்டுங்கல்லாம் சும்மா எரியும், கண்டுக்காதீங்க" என்பதுதான். அவன் வாயில் புழு விழ.

அந்த வண்டியை நாங்கள் ஆசைக்கு வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். ஒரு நாள் சிமெண்ட் பால் தெறித்து இடது கண் போய்விட்டது. போன பிறகும் மேஸ்திரி அவரைச் சாரத்தில் ஏற்றினான். ஒற்றைக் கண்ணுக்குப் பலகை எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாது. மூன்றாவது மாடியில் கால் தவறி, ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறார். அதைக்கூட என்னிடம் அவர் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர் பொங்கலுக்கு வந்தபோது வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போனது. "இனிமே பெங்களூர் பக்கம் தலவெச்சிப் படுக்கக் கூடாது" என்றேன். என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினோம். அவருக்கு லைசென்ஸ் கிடைக்காது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் தக்காளியை ஏற்றிப் பாலக்கோடு மண்டியில் இறக்குவோம். ஏற்றுவதும் இறக்குவதும் அவர். மீதி நேரம் என் இடது பக்கம் உட்கார்ந்து வருவார். வண்டி ஓடினால் அவர் தரையில் இருப்பார், அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சத்தத்துக்கு நான் பட்டறை வரை ஓடியதற்குக் காரணம் அதுதான்.

வண்டி வாங்கிய வருஷம் வந்த ஆயுத பூஜையை நான் சும்மா விடுவேனா? கழுவித் துடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பானெட், ஸ்டியரிங், கியர், கண்ணாடி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். மீட்டர் கண்ணாடி மேலும் வரிசையாக வைத்தேன். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, விரல் நிறையச் சந்தனம் எடுத்து, நடுவில் குங்குமம். பூஜைப் பொட்டை எங்கள் வீட்டில் துடைக்க மாட்டோம். தானாகக் காய்ந்து உதிர வேண்டும். போன வருஷத்துப் பொட்டோடு இந்த வருஷம் பூஜை செய்கிற வண்டிகள் எங்கள் பக்கம் எத்தனையோ உண்டு.

மெக்கானிக்கிடம் காட்டிய நாலாம் நாள். மண்டியிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பொட்டுக்குப் பின்னால ஏதோ செவப்பா எரியற மாதிரி இருக்குது."

நான் பார்த்தேன். சந்தனம்தான் தெரிந்தது. "ஒண்ணும் எரியல. வெயிலு படுது."

"அந்த ஒரு பொட்ட மட்டும் தொடச்சிப் பாக்கலாமா?"

காலையிலிருந்து அந்த டிக் டிக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சட்டியில் போட்ட கடுகு மாதிரி வெடித்தேன்.

"சாமிக்கு வெச்ச பொட்டத் தொடைக்கணுமா? இருக்கிற ஒத்தக் கண்ணுல எதையாவது பாத்துட்டு ஒளறாதீங்க. ஓட்டற எனக்குத் தெரியாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதைச் சொன்ன மாத்திரத்தில் எனக்கே சுருக்கென்றது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அடுத்த வாரம் லோடோடு பாலக்கோடு ரோட்டு மேட்டில் ஏறும்போது டிக் டிக் மாறியது. டொக், டொக் என்று, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. "நிறுத்திடலாம்" என்றார் அவர். மண்டி நேரம் போய்விடும் என்று நான் மிதித்தேன். மேட்டு உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பிறகு சாவியைத் திருப்பினால் கட் என்று ஒரு சத்தம் மட்டும். எஞ்சின் இறுகிவிட்டது.

தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, டிராக்டரில் கட்டி இழுத்துவந்தோம். பட்டறையில் இடமில்லை. சுவரை ஒட்டி நிறுத்தியதில் என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. இடது பக்கமாக நகர்ந்து இறங்கினேன். மெக்கானிக் இப்போதுதான் அந்தக் கம்பியை உருவினான். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ஆயில் இல்லை.

"ஆயில் லைட்டு எரிஞ்சிருக்குமே யக்கா?"

"எரியல."

"எரியாம இருக்காது."

"எரியலன்னா எரியல! எம் புள்ள மேல சத்தியமா எரியல!"

எனக்குப் பொறி தட்டியது. புரோக்கர் லைட்டின் ஒயரை அறுத்துவிட்டு விற்றிருக்கிறான். அங்கேயே அவனுக்குப் போன் போட்டேன். "டேய், நாசமாப் போறவனே, எங்க வயித்துல அடிச்சிட்டியேடா!" என்று ஆரம்பித்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அக்கா, குடுக்கறப்ப எல்லா லைட்டும் எரிஞ்சிதுக்கா. சாவியப் போட்டுப் பாருங்க" என்றான் அவன்.

போனை அணைக்காமல் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "சும்மாதான உக்காந்துட்டு வந்த? தெனம் அந்தக் கம்பிய உருவிப் பாத்திருக்கக் கூடாதா நீ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியாட்கள் முன்னால் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

"இரு, இப்பக் காட்டறன் அந்த அறுந்த ஒயர" என்று போனில் புரோக்கரிடம் கத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இடது கதவு வழியாக ஏறினேன். இடது சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன்.

பொட்டுக்குப் பக்கத்தில் பளிச்சென்று எரிந்தது சிவப்பு லைட். எண்ணெய்க் கிண்ணியும் அதன் மூக்கில் ஒரு சொட்டுமாகப் படம் போட்ட அந்த ஆயில் லைட். தலையை என் சீட்டுப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பொட்டு அதை முழுசாக மறைத்தது. திரும்பி வந்தேன். எரிந்தது. வண்டி வாங்கியதிலிருந்து அந்த இடது சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

கதவருகில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். 'நான் அன்னிக்கே சொன்னன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சாவிய அணைச்சிடு. பேட்டரி எறங்கிடும்" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பியை உருவாத மெக்கானிக் மேல், வாயால் வண்டி விற்ற புரோக்கர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் வாய் மேல். அன்று ராத்திரியே பட்டறைக்குப் போய் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் தூளாக மடியில் கொட்டியது. சாமி என்னிடம் பொட்டு கேட்டதா, லைட்டை மறைக்கச் சொன்னதா? எல்லாம் நான் செய்தது.

எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்றான் மெக்கானிக். அது சின்னச் செலவில்லை, எங்கள் கையில் காசும் இல்லை. மூன்றாம் நாள் அவர் பையை எடுத்து வைத்தார். நான் தடுக்கவில்லை. தடுத்து எதைக் காட்டுவேன்? தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டியில் ஏறினதும் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நாலு மாசந்தான். கீழ் வேலதான் பாப்பன். சாரத்துல ஏற மாட்டன்."

இப்போது வண்டி ஓடுகிறது. டிக் டிக் இல்லை, டொக் டொக் இல்லை. தினமும் காலையில் கம்பியை உருவிப் பார்க்கிறேன். நாலு மாசம் போய் ஆறாவது மாசம் நடக்கிறது. மத்தியானம் மண்டியிலிருந்து அவருக்குப் போன் போடுவேன்.

"ஸ்டார்ட் பண்ணதும் செவப்பு லைட்டு அணையுதா?" என்று கேட்பார்.

"அணையுது. நீங்க எங்க இருக்கீங்க?"

"கீழதான் இருக்கறன்."

எனக்கு இப்போது காது தேறிவிட்டது. கீழே இருந்தால் கலவை மெஷின் ஓடுகிற சத்தம் பக்கத்தில் கேட்கும், ஆட்கள் பேசுவது கேட்கும். நேற்று அந்த மெஷின் எங்கேயோ ஆழத்தில் ஓடியது. அவர் குரலைச் சுற்றி வெறும் காற்று அடித்தது. "பொய்யி சொல்றீங்க" என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார், பலகை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. "சரிங்க, பாத்து வேல செய்யுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.