புர்ஹான் ஹோஜாவின் சுத்தத் தங்கம்

மார்கிலானில் புர்ஹான் ஹோஜாவுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, ஊரார் 'வெள்ளை எலும்பு', அதாவது உயர்ந்த பிறப்பு, என்று சொல்லும் ஹோஜா குலத்தில் பிறந்தது. மற்றது, அவர் வீட்டுத் தங்க நிறக் காடைகள். முதலாவதற்கு உழைப்பு தேவைப்படவில்லை. இரண்டாவதற்கு மகள் சும்ராத் உழைத்தாள். கூண்டு கழுவுவதும் குஞ்சு பொரிக்கும் அடைப்பெட்டியில் முட்டைகளைத் திருப்பி வைப்பதும் அவள்தான். பெருமைப்படுகிற வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

தங்கத்தோடு தங்கத்தைத்தான் சேர்ப்பார். இருந்தும் பொரிகிற குஞ்சுகளில் மூன்றுக்கு ஒன்று, வயல்காடையைப் போலக் கறுப்பு வரியோடு பழுப்பாக வந்து நின்றது. நாலில் ஒரு முட்டை பொரியாமலே போனது. பக்கத்து வீட்டு ஆண் காடையைச் சந்தேகித்துச் சுவரை உயர்த்தினார். பிறகு தன் பெட்டைகளின் ஒழுக்கத்தையே சந்தேகித்துக் கூண்டைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பழுப்பு நிற்கவில்லை. அந்தக் குஞ்சுகளை விருந்தாளிகள் கண்ணில் படாமல் வளர்த்துப் புலாவில் போட்டார். களங்கம் ருசியாகத்தான் இருந்தது.

கால்நடைப் பள்ளியில் படித்த சும்ராத் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, தங்க நிறம் தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் வந்தா குஞ்சு முட்டைக்குள்ளயே செத்துடும். ஒரு பக்கம் வந்தாத்தான் பொழைக்கும். உங்க தங்கம் அத்தனையும் பாதி பழுப்பு. பழுப்போட சேர்த்துப் பாருங்க, இப்படி முட்டை வீணாகாது."

"ஹோஜா வீட்டுல பாதின்னு ஒண்ணு கெடையாதுடி!"

அவள் ஏன் பழுப்புக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பது அவருக்குத் தெரியும். குலம் கோத்திரம் இல்லாத பஸ் டிரைவர் தோலிப் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, ரத்தம் குலத்தைத் தாண்டாதபடி, அவர்கள் வழக்கப்படி ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கே அவளைப் பேசி முடித்தார். சும்ராத் அழுதாள்; சாப்பிட மறுத்தாள். அவர் அசையவில்லை. இனி இரு வீட்டாரும் கூடி ரொட்டியை உடைத்தால் நிச்சயம் முடிந்தது. உடைத்த ரொட்டியை எவனும் ஒட்ட முடியாது.

ரொட்டி உடைக்கும் நாளிலேயே குஞ்சு பொரியும்படி முட்டைகளை வைக்கச் சொன்னார். சம்பந்தி அம்மாள் சவோதத் பார்த்து வாய் பிளக்க வேண்டுமாம். இருப்பதிலேயே பளபளப்பான ஜோடியின் முட்டைகளைத் தானே பொறுக்கியதால், இந்தத் தடவை பழுப்பு வராது என்று நம்பினார். ரொட்டிகளை விரிப்பில் வைத்ததும், எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். தங்கம், தங்கம், பழுப்பு. இன்னும் இரண்டு பழுப்பு.

"என்ன தம்பி, உங்க தங்கத்துல புழுதி ஒட்டியிருக்கு?" என்றாள் சவோதத். "கழுவினா போயிடுமா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"கூண்டுலயே இந்த லட்சணம்னா வீட்டுக்குள்ள எப்படியோ! உங்க அம்மா கோகந்துலேர்ந்து வாழ வந்தப்பவே எங்க மாமியார் ஒரு மாதிரிதான் சொன்னாங்க."

புர்ஹான் ஹோஜா சாவியைக் கழுத்திலிருந்து இழுத்து ஆட்டினார். "மதனி! சத்தியமா சொல்றேன், இதுங்களுக்கு அப்பனும் தங்கம், ஆத்தாளும் தங்கம். வெளியாள் ஒருத்தன் உள்ள வரல. தங்கத்துக்குள்ள பழுப்பு இருக்கத்தான் செய்யும். இல்லாட்டி உசிரே தங்காது! என் மக படிச்சவ. நீ சொல்லும்மா!"

"ஆமா பெரியம்மா," என்றாள் சும்ராத், ஒவ்வொரு சொல்லையும் சுவைத்து. "சுத்தத் தங்கம் எல்லாம் ஓட்டுக்குள்ள செத்துக் கெடக்கு. உடைச்சுக் காட்டட்டுமா?"

சவோதத் எழுந்து உடுப்பை உதறினாள். "வேண்டாம்மா. கலப்பு வீட்டு ரொட்டி எங்களுக்குச் செரிக்காது."

வந்தவர்கள் போய்விட்டார்கள். ரொட்டிகள் முழுசாகக் கிடந்தன.

"அப்பா, தோலிப் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவா?"

"அவன் எலும்பு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தங்கத்துக்குள் பழுப்பு உண்டு என்று இத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்தாகிவிட்டது. கலப்பு கேவலம் என்று இப்போது சொன்னால், கூண்டுக்குள் எவனோ வந்துபோனான் என்றாகும். சவோதத்தின் மாமியார் சொன்னதும் உண்மையாகிவிடும். இறந்துபோன தாயின் மானம் ஒரு காடைக்குஞ்சின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

"வரச் சொல்லு," என்றார். "ஆனா பின்வாசல் வழியா."

"முன்வாசல்தான் அப்பா. பின்பக்கச் சந்துல அவர் பஸ்ஸு திரும்பாது."