சனிக்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே

வாக்களிக்காவிட்டால் தண்டம் கட்ட வேண்டிய ஊரில் நான் வசிக்கிறேன். சுவிஸில் எங்கள் ஷாஃப்ஹவுசன் மாநிலத்தைத் தவிர வேறெங்கும் இந்த வழக்கம் இல்லை என்கிறார்கள். குடியுரிமை கிடைத்து, முதல் வாக்குச்சீட்டு உறை தபாலில் வந்த வாரம், கீழ்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் ஹூபர் படிக்கட்டில் மறித்து, "மறந்துவிடாதீர்கள், தண்டம் வரும்" என்று எச்சரித்தார். அன்றிலிருந்து சுரங்கப்பாதை வெட்டுவதா, ஓய்வூதியத்தை மாற்றுவதா என்று அரசு கேட்பதற்கெல்லாம் சமையலறை மேசையில் இருந்தபடியே ஆம், இல்லை என்று எழுதி அனுப்பி வருகிறேன். இந்த நாட்டின் ஜனாதிபதி யார் என்று கேட்டால் ஃப்ராவ் ஹூபரே சற்று யோசிப்பார். வருடத்துக்கு ஒருவர் மாறிவிடுகிறார்.

இந்த முறை இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் ஒரு சனிக்கிழமையும், இங்கத்தைய வாக்கெடுப்பு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையுமாக வந்தன. பல வாரங்களாக எங்கள் வீட்டில் மேடைப்பேச்சுதான். இவர் கைபேசியில் அதைக் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கள் கணவருக்கு யாரோடு சண்டை?" என்று ஃப்ராவ் ஹூபர் கேட்டார்.

"சண்டை இல்லை. எங்கள் நாட்டில் தேர்தல்."

"ஓ! நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள்?"

"எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை."

அவர் என் கையைத் தட்டி, "அப்படியென்றால் தண்டமும் இல்லை" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே நான் ஒரேயொரு முறைதான் வாக்களித்தேன். மானிப்பாயில் நான் படித்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. நான் இருந்து கணக்குப் போட்ட மூலையில் அட்டை மறைப்பு வைத்திருந்தார்கள். தெரிந்த மனிதர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு, கதைத்துச் சிரித்தபடி வரிசையில் நின்றார்கள். சின்னவிரலில் மையோடு வீட்டுக்கு வந்தேன். வாக்களிக்க வயது காணாத தங்கை வசந்திக்குப் பொறுக்கவில்லை. பேனையைத் திறந்து தன் விரலிலும் மை ஊற்றிக்கொண்டாள். அம்மா ஏசியும் கழுவவில்லை. அன்று முழுக்க விரலைத் தூக்கியபடியே திரிந்தாள். அவளுக்கு வாக்கு வந்த காலத்தில் நான் இங்கே வந்துவிட்டேன். அப்போது ஒரு தேர்தலில், தமிழர் யாரும் வாக்களிக்கப் போகக்கூடாது என்று ஊரெல்லாம் கதை. அதுதான் சரியென்று இவரும் தொலைபேசியில் சொன்னார். வசந்தி படலையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தாள்.

இந்த முறை தமிழர் தரப்பிலும் ஒருவர் நின்றார். இவர் வசந்தியை அழைத்தார்.

"பிள்ளை, எல்லாரும் எங்கடை ஆளுக்குத்தான் போடவேணும். சிதறக்கூடாது, விளங்குதோ?"



"அத்தான், அண்டைக்கு வீட்டிலை இரு எண்டதும் நீங்கள். இண்டைக்குப் போ எண்டுறதும் நீங்கள். என்ரை மகள் படிச்சுப்போட்டு வேலையில்லாமல் இருக்கிறாள். அதையும் யோசிச்சுத்தான் நான் போடுவன்."

"நான் எங்கடை சனத்துக்காகக் கதைக்கிறன்."

"அந்தச் சனத்திலை நானும் ஒரு ஆள்தான்."

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். "அவள் சொல்லுறது சரிதானே" என்றேன். "நீயுமோ?" என்று கேட்டுவிட்டு இவர் அறைக்குள் போனார். அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் வசந்தி பதில் தரவில்லை. எங்கள் பெற்றோர் போனபின், அந்த மண்ணில் என்னை அக்கா என்று கூப்பிட மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். யார் பதவிக்கு வந்தாலும் போனாலும் அந்தக் குரலை இழக்க முடியுமா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, கைபேசித் திரையில் முதலில் ஒரு விரல்தான் தெரிந்தது. பிறகு வசந்தியின் சிரிப்பு.

"அக்கா, இது உண்மையான மை!"

"ஆருக்கடி போட்டனி?"

"சொல்லமாட்டன்."

பின்னால் நின்ற இவர் குனிந்து திரையைப் பார்த்தார். கேட்கப்போகிறாரோ என்று பயந்தேன்.

"வெயிலுக்கை கனநேரம் நிண்டனியோ? சாப்பிட்டாச்சோ, பிள்ளை?" என்றார்.

"ஓம் அத்தான்" என்றாள் வசந்தி.

இந்த முறை என் உறையை நான் தபாலில் அனுப்பாமல் வைத்திருந்தேன். மறுநாள் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஃப்ராவ் ஹூபரோடு வாக்குச்சாவடிக்கு நடந்தேன். வரிசை இல்லை. கதைப்பார் இல்லை. சீட்டைப் பெட்டியில் போட்டதும், என்னையறியாமல் இடக்கையை நீட்டிவிட்டேன். மேசையில் இருந்த இளைஞன் சற்றுத் தடுமாறி, பிறகு எழுந்து, அந்தக் கையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினான்.

பின்னேரம் இரண்டு நாடுகளின் முடிவுகளும் வந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சியில் ஆம் என்றும் இல்லை என்றும் நிறம் பிரிந்த சுவிஸ் மாநிலங்கள். அதன் கீழே சாய்த்து வைத்த இவரின் கைபேசியில் மாவட்டம் மாவட்டமாக நிறம் மாறிய தீவு. வசந்தி அழைத்தாள்.

"அக்கா, எங்கடை முடிவு வந்திட்டுது. உங்கடை என்ன மாதிரி?"

"எங்கடை..." என்று தொடங்கினேன். கண் ஒரு படத்திலிருந்து மற்றப் படத்துக்குப் போய், திரும்பி வந்தது.

"பொறு, பாத்துச் சொல்லுறன்" என்றேன்.