வளைகாப்புப் பணமும் பின் சக்கரத்துப் பட்டையும்

அப்பாவின் கார் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். மைசூர் ஹெப்பாளில் இருந்த தொழிற்சாலைக்கு அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். காரை வெளியே எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மைசூரின் நல்ல தெருக்களிலேயே அது டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு போகும். கேட்டால், "ரோடு சரியில்ல" என்பார். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் போகும்போதும் அதையேதான் சொன்னார். எங்கள் வீட்டில் தப்பு எப்போதும் ரோட்டின் மேல்தான்.

அப்படிப்பட்ட மனிதர் தானாகவே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டதற்குக் காரணம் நான். என்னை மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு கர்ப்பம் கலைந்துபோயிருந்தது. ஒன்று ஐந்தாம் மாதத்தில், இன்னொன்று ஆறாம் மாதத்தில். தொண்ணூறுகளின் நடுவில் தங்கிய மூன்றாவது ஏழு மாதத்தைத் தொட்டுவிட்டது. பிரசவம் மைசூரில்தான் நடக்க வேண்டும், சீக்கிரம் கூட்டி வந்துவிடுங்கள், ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கௌதள்ளியிலிருந்து கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வருகிற அந்த ரோட்டைப் பற்றி மட்டும் அப்பா சொன்னது முழு உண்மை. பஸ்ஸுக்குப் பேச்சே இல்லை. வாடகைக் கார் வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மாதேஸ்வரன் மலைக்குப் போய்வரும் டிரைவர்கள் எங்கள் ஊர் வழியாகப் பறப்பதை அப்பா பார்த்திருக்கிறார். "என் பொண்ண நானே கூட்டிட்டு வரேன், மாப்பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வண்டி குலுங்காமல் தாங்குகிற ஷாக் அப்சார்பர், புஷ், பின் சக்கரத்துப் பட்டை எல்லாமே தேய்ந்துவிட்டது, மாற்ற ஏழாயிரத்துக்கு மேல் ஆகும் என்றாராம். அம்மா என் வளைகாப்புக்கென்று சேர்த்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேறு பணம் வீட்டில் இல்லை.

அந்தப் பணத்துக்குப் பின்னால் ஒரு வைராக்கியம் இருந்தது. இரண்டாவதும் கலைந்த பிறகு, மைசூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருந்தோம். வளையல் தட்டு வரிசையாகக் கை மாறி வந்தது. என்னிடம் வந்தபோது மட்டும் என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் போய்விட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிர் வரிசையில் இருந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு இருந்த அதே பெண்களை ஒரு வேனில் ஏற்றிக் கௌதள்ளிக்குக் கொண்டுபோய், ஒருத்தி விடாமல் என் கைக்கு வளையல் போடவைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டாளாம்.

அதனால் மெக்கானிக் ஷெட்டுக்கு அம்மா போனதே சண்டை போடத்தான். அப்பா சமாதானமாக, "அவ பின்னாடிதானே உக்காரப் போறா, பின்பக்கம் மட்டும் மாத்திக்கலாம்" என்றிருக்கிறார். "சும்னே ஏதாவது சொல்லாதீங்க" என்று பாதி கன்னடத்தில் கடிந்துகொண்ட அம்மா, தானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஷெட்டுக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டச் சொல்லியிருக்கிறாள். முதல் பள்ளத்திலேயே அம்மாவின் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டதாம். இறங்கியவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம், "எல்லா ஹாக்பிடி", எல்லாத்தையும் போட்டுடுங்க என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். முன்னும் பின்னும் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார்கள். வேனுக்கு வைத்த பணம் போனது, சமையல்காரருக்கு வைத்ததும் போனது, அம்மாவின் வைராக்கியமும் அதோடு போனது.

வளைகாப்பு அன்று காலையில் கௌதள்ளியில் எங்கள் வாசலில் அந்தக் காரிலிருந்து இரண்டே இரண்டு பேர் இறங்கினார்கள். என் மாமியார் தெருப் பெண்களையெல்லாம் கூட்டி, பெண் வீட்டாரை எதிர்கொள்ள ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்.

"ஏனுங் சம்பந்தி, மத்தவீங்கெல்லாம் பொறவு வர்றாங்களா?"

அம்மாவுக்கு வாய் குழறிவிட்டது. "ஆமாங்க... வேன் பின்னால வருது" என்றுவிட்டாள்.

வராத வேனுக்காக மொத்தத் தெருவும் காத்திருந்தது. நான் மணையில் உட்கார்ந்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளுத்துக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். கடைசியில் அப்பாதான் எழுந்து மாமியார் எதிரில் போய் நின்றார்.

"யாரும் வரலைங்க. அந்தக் காச நாங்க காருக்குப் போட்டுட்டோம். இவ குலுங்காம வரணும்னுதான்..."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் மாமியார் லேசில் எதையும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. பருப்பில் உப்புக் குறைந்ததை ஒரு வாரம் சொல்லிக்காட்டுவார். அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் இருக்கறவீங்க எல்லாம் எந்திரிச்சுப் போயி, அம்மிணியோட அம்மா கூட நில்லுங். இன்னைக்கு நீங்கதான் பொண்ணு வூட்டுக்காரீங்க."

பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போய் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். அம்மா யாரைக் கூட்டிவரக் கனவு கண்டாளோ அவர்களில் ஒருத்தியும் இல்லை. முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் என் கையைப் பிடித்து, "நல்லபடியாப் பெத்துக்க, கண்ணு" என்று வளையல் போட்டார்கள். அவர்களை நான் இன்றைக்கும் என் பிறந்த வீட்டுக்காரர்களாகத்தான் நினைக்கிறேன்.

சாப்பாடானதும் கிளம்பினோம். நானும் அம்மாவும் பின் சீட்டில். அப்பா மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பள்ளம் வரும்போதெல்லாம் நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காரோ மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. தட்டல் சத்தமே இல்லை. ஹனூர் தாண்டியதும் பிடியை விட்டேன்.

கொள்ளேகாலை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த குழந்தை, வண்டி ஏறியதிலிருந்து ஒருமுறைகூட அசையவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. போன இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது, முதலில் அசைவுதான் நின்றது.

"அம்மா, அசைவே இல்லம்மா."

அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ரோட்டோரப் புளியமரத்தடியில் காரை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். அம்மா என் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். ஒரு லாரி கடந்து போனது. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இந்த முறையும் போய்விட்டது என்றே நான் நினைத்தேன்.

அப்போது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. என் வாயிலிருந்து சத்தமே வந்துவிட்டது. அதே இடத்தில் இன்னொன்று. அம்மா கையை எடுக்காமலே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"நல்லாத் தூங்கிட்டிருந்திருக்குடி. தொட்டிலாட்டம் ஆடின வண்டிய நிறுத்தினதும் முழிச்சுக்கிச்சு."

அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. அப்பா ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அம்மா முன்னால் குனிந்து அவர் முதுகைத் தட்டினாள்.

"எடுங்க வண்டிய. புள்ள தூங்கட்டும்."