இனிப் பிறக்க வேண்டாம் என்று கும்பிட்டது

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கும்போது எனக்குக் கார் ஓடத் தெரியாது என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும் என்பது குடிபோன பிறகுதான் விளங்கியது. நல்ல காலம், மூன்று வீடு தள்ளியிருந்தவளும் நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில்தான் வேலை செய்தாள். நான்கு வருடமாக அவளுடைய காரில்தான் போய்வருகிறேன். சிரியாவின் தெற்கே ஒரு மலை ஊர் அவளுக்கு. சமயம் துரூஸ்.

நான் அந்தச் சொல்லையே அதுவரை கேள்விப்பட்டதில்லை. முஸ்லிமா என்று கேட்டேன். அதிலிருந்து பிரிந்தவர்கள்தான், ஆனால் ஆயிரம் வருடமாகத் தனி வழி என்றாள். கெய்ரோவில் தொடங்கியதாம். கொஞ்சக் காலம் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு கதவைச் சாத்திவிட்டார்களாம். இன்றைக்கு யார் கேட்டாலும் சேர முடியாது. கனடா விசாகூட இவ்வளவு கஷ்டமில்லை என்று சீண்டினேன், சிரித்தாள். அவர்களுடைய மறைநூலில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, தெரியாது என்றாள். அதைப் படிக்க அனுமதி பெற்றவர்கள் வேறாம். மற்றவர்கள் உண்மை பேசி, தங்கள் ஆட்களைக் கைவிடாமல் இருந்தால் போதுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் சைவம் என்று சொல்லித் திரிகிறேனே தவிர, சித்தாந்தம் கேட்டால் முழிப்பேன்.

மறுபிறப்பை நம்புகிறோம் என்று அவள் சொன்னதும் எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. எங்களுக்கும் அதுதான் என்றேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று நினைத்துவிட்டேன்.

போன வருடம் ஊரில் அவளுடைய தாய் இறந்துபோனார். பாதைகள் பூட்டியிருந்ததால் இவளால் போக முடியவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டவிடக்கூடாது என்று சோறும் பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய் அந்த அம்மாவுக்காக மோட்ச அர்ச்சனை செய்வித்தேன். திங்கள் காலை காரில் ஏறியதும் சொன்னேன். நாங்கள் பேசுவது அரைகுறை இங்கிலிஷ், எழுதும்போது என் தமிழில்தான் வருகிறது.

"உங்கட அம்மாவுக்காகக் கும்பிட்டனான். இனிப் பிறக்காமல் ஆண்டவன்ர காலடியில இருக்கட்டும் எண்டு கேட்டனான்."

இறந்தவருக்கு எங்களிடம் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அவள் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். தங்களில் ஒருவர் கண்மூடிய அதே நொடியில் இன்னொரு துரூஸ் வீட்டில் குழந்தையாகப் பிறந்துவிடுவார் என்றாள். தன் அம்மா இப்போது எங்கேயோ பால் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் அவள் அழாமல் இருந்திருக்கிறாள். நானோ அந்தக் குழந்தை வேண்டாம் என்று தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, உங்கள் ஆட்களுக்கும் இப்படித்தான் கும்பிடுவீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். எங்கள் நாட்டுச் சண்டையில் பத்தொன்பது வயதில் செத்துப்போன என் தம்பிக்கு ஒவ்வொரு திதிக்கும் இதையேதான் கேட்கிறேன், அவன் பட்ட பாடு காணும், போதும் என்றேன்.

"பத்தொன்பது வயது அவனுக்குக் காணுமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசாமல் உருளைக்கிழங்கு சீவினேன். அவள் மறுநாளும் வழக்கமான நேரத்துக்கு வந்து வாசலில் ஹோர்ன் அடித்தாள். நானும் போய் ஏறினேன்.

இந்த வருடம் தம்பியின் திதிக்கு அவளே என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஐயர் அவனுடைய பெயரைச் சொல்லிப் பூசை செய்தார். நான் கைகூப்பி நின்றேன். வழக்கமாகக் கேட்பது வாயில் வரவில்லை. எங்கேயாவது நல்ல வீடாகப் பார்த்துப் பிறந்திரு என்றுதான் வந்தது.

காருக்குத் திரும்பி வந்து அதைச் சொன்னேன். அவன் போய் எத்தனை வருடம் என்று கேட்டாள். முப்பது என்றேன்.

"அப்ப அவனுக்கு முப்பது வயசு," என்றாள்.

நான் அழுது முடிக்கும்வரை அவள் காரை எடுக்கவில்லை.