சித்திக்குத் துணை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு சிறுமியையும் அனுப்பிவைப்பார்கள். தோழிப்பெண் என்று பெயர். புது இடத்தில் பெண் மிரளக்கூடாது, பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும், அதற்காக. என் சித்திக்கு நான் போனேன். பூதலூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு வேன் கிளம்பும்போது அம்மா என்னை இழுத்து நிறுத்தி, "சித்தியைத் தனியா விட்டுடாதே" என்றாள். எனக்கு எட்டு வயது. முழுப்பரீட்சை லீவு. ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் நான் இல்லை, அன்றும் சரி, இன்றும் சரி.

சித்தப்பா துபாயிலிருந்து கல்யாணத்துக்கென்று வந்திருந்தார். லீவு கொஞ்சம்தான். திரும்பிப் போனால் இரண்டு வருஷத்துக்கு வரமுடியாது. இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் அது அவர் கவலை. சித்தி கொல்லைக்குப் போனால் நானும் போனேன். படுத்தால் நடுவில் படுத்தேன். இருவரும் பைக்கில் சினிமாவுக்குக் கிளம்பினால் பெட்ரோல் டேங்க் மேல் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் சித்தப்பா, "பாப்பா, கடைக்குப் போயி ஒரு பன்னீர் சோடா வாங்கிட்டு வர்றியா? மீதிக்கு மிட்டாய் வாங்கிக்க" என்றார்.

"சித்தியும் வந்தா போறேன்."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூவருமாகப் போய் சோடா குடித்துவிட்டு வந்தோம். சித்தப்பாவின் அம்மா, "நீ தோழியா வந்தியா, போலீசா வந்தியாடி?" என்று கேட்டார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா, பாவம், நல்ல மனுஷர். கோபப்படவே இல்லை. வெளிநாட்டு சாக்லேட்டாகக் கொடுத்து, பக்கத்து வீட்டில் போய்த் தின்னச் சொன்னார். நான் சித்தி மடியில் உட்கார்ந்து தின்றேன்.

அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் அப்பா என்னை அழைத்துப் போக வந்தார். நான் பையோடு வாசலில் தயாராக நின்றேன்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போயேன்டி" என்றாள் சித்தி.

"அதான் சித்தப்பா போயிட்டாரே சித்தி. இனிமே உனக்கு என்ன பயம்?"

வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று எத்தனை தடவை சொல்லியும் இவளுக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.