சவுக்குத் தோப்பில் மாட்டிய ஆமை

ராஜபாளையத்தில் கல்யாணமோ கருமாதியோ, பந்தல் என்றால் இருளப்பசாமிதான். நெட்டையான, ஒல்லியான ஆள். தூரத்திலிருந்து பார்த்தால் அவரும் அவர் லாரியில் ஏற்றிவரும் சவுக்குக் கம்புகளும் ஒரே கட்டில் வந்தவை போலிருக்கும். உலகத்திலேயே ஒழுங்கான மரம் சவுக்குதான் என்பது அவர் கட்சி. "மாமரம் வளையும், புளியமரம் பேய் வளர்க்கும். சொன்ன பேச்சுக் கேக்குற மரம் இது ஒண்ணுதான்" என்று பெண் வீட்டாரிடமும் சொல்வார், துக்க வீட்டாரிடமும் சொல்வார்.

போன மாசி மாதம் சேக்காளி எட்வின் கூப்பிட்டார். ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்கு வடக்கே மனைவியின் கடற்கரை ஊரில் குடியேறியவர். அங்கே சர்ச் திருவிழாவுக்குப் பந்தல் போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்கிக்கொண்டு, இருளப்பசாமி லாரியோடு போய் இறங்கினார். கடலை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கரையை ஒட்டி வரிசை வரிசையாக நின்ற சர்ச்சின் சவுக்குத் தோப்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எட்வின் வீட்டுக் கட்டில் வேண்டாமென்று தோப்புக்குள்ளேயே பாயை விரித்துவிட்டார்.

விடிகிற வேளையில் முகத்தில் மணல் விழுந்தது. துடைத்தார். மறுபடியும் ஒரு கை மணல்.

"ஏலே, எவம்லே அது?"

எழுந்து பார்த்தால், தலைமாட்டில் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே, கவிழ்த்த இட்லிக் கொப்பரை போல ஒரு கடலாமை மாட்டிக்கொண்டு, துடுப்புக் காலால் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் எட்வின் பல் தேய்த்த பிரஷ்ஷோடு ஓடிவந்தார். அதற்குள் இருளப்பசாமி ஆமைக்கு முன்னால் பால்கோவாவை வைத்திருந்தார். "ஒரு வாய் சாப்பிடு தாயி, தெம்பு வரும்."

ஆமை பால்கோவாவை மணலில் புதைத்தது.

"அண்ணாச்சி, அது முட்டை போட வந்துருக்கு. பந்திக்கு வரல" என்றார் எட்வின். அந்தக் கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் குழுவில் இருந்த பியூலாவுக்குப் போன் போட்டார்.

பியூலா வந்து தடத்தைப் பார்த்தார். ஆமை அங்கங்கே தோண்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டிருந்தது. "எல்லா எடத்துலயும் சவுக்கு வேரு தடுக்கு. குழி தோண்ட முடியாம உள்ள உள்ள வந்து மாட்டிக்கிட்டு. இந்த மரம் நம்ம ஊரு மரமே இல்ல அண்ணாச்சி. ஆஸ்திரேலியாப் பக்கத்துல இருந்து வந்தது."

இருளப்பசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்திரேலியாவா? இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த இங்கிலீசு பேசுனதில்லயேம்மா!" பிறகு ரோஷம் வந்தது. "அப்போ ஆமை மட்டும் உள்ளூரோ?"

"இந்தக் கரையிலதான் பொறந்திருக்கும். அது முட்டைக்குள்ள இருந்தப்போ இங்க வெறும் மணலுதான்."

இருளப்பசாமி லாரியிலிருந்து கம்பும் கயிறும் கொண்டுவந்தார். இரண்டு கம்புகளை நெம்புகோலாகக் கொடுத்து மரங்களை விலக்கி, மற்ற கம்புகளில் சாக்கைக் கட்டிப் பல்லக்கு செய்து, லாரியில் வந்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராக ஆமையைத் தூக்கினார்கள். திருவிழாவுக்கு வந்திருந்த பேண்டு செட்டுக்காரர்கள், ஏதோ சப்பரம் புறப்படுகிறதென்று நினைத்து முழங்கத் தொடங்கினார்கள்.

"ஐயோ, நிறுத்துங்க! பயந்துரும்!" என்று பியூலா கத்தினார்.

மேளம் நின்றது. ஊர்வலம் மட்டும் மௌனமாகப் பின்னால் வந்தது.

வேரில்லாத வெறும் மணல் அங்கே ஓர் இடத்தில்தான் இருந்தது. மேடை போட இருளப்பசாமி சுண்ணாம்புக் கோடு கிழித்து வைத்திருந்த இடம். இறக்கிவிட்டதும் ஆமை கோட்டுக்கு நட்டநடுவே குழி தோண்டி, சாவகாசமாக முட்டையிட்டு, மூடி, யாரையும் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

"மேல பந்தலு வந்தா நெழலுதானே, முட்டைக்கு நல்லதுதானே?" என்று கேட்டார் இருளப்பசாமி.

"கூடவே கூடாது. மணலு குளுந்து கெடந்தா அம்புட்டும் ஆண் குஞ்சாப் போயிரும்."

வீட்டில் அவருக்கு நாலும் பையன்கள். உடனே மனைவி முனீஸ்வரிக்குப் போன் போட்டார். "ஏட்டி, நமக்குப் பொம்பளப்பிள்ள பொறக்காததுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. சன்னலுகிட்ட நிக்குற வேப்பமரம்!"

"கடக்காத்து மண்டைக்கு ஏறிட்டு. மோரக் குடிச்சிட்டு வேலையப் பாருங்க" என்று முனீஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

முட்டைக் குழியைச் சுற்றி வேலி கட்டி, அதற்கு மேல் வானத்தைத் திறந்துவிட்டு, மேடையையும் பந்தலையும் ஒதுக்கிப் போட்டார். மேடையில் பாதிக்குக் கூரை இல்லை. ஃபாதர் குடை பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். திருவிழா முடிந்ததும் சர்ச் கமிட்டி கூடிப் பேசி, கடலை ஒட்டிய வரிசைகளை மட்டும் வெட்டிவிட்டு, காற்றுக்குத் தடுப்பாகப் பின்வரிசைகளை விட்டுவைக்க முடிவு செய்தது. வெட்டுகிற வேலை இருளப்பசாமிக்கே வந்தது. ஒவ்வொரு மரத்திடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார். வேலை இழுத்துக்கொண்டே போனது.

சித்திரையில் ஒரு சாயங்காலம், குஞ்சு பொரிக்கிற நேரம் வந்துவிட்டதென்று எட்வின் தகவல் சொல்ல, முனீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனார். மணல் லேசாகக் குழிந்து, கறுப்புக் கறுப்பாகக் குஞ்சுகள் பொங்கி வந்து கடலைப் பார்த்து ஓடின. முனீஸ்வரி முந்தானையை வீசிக் காக்கைகளை விரட்டினாள். வழி தவறிய ஒரு குஞ்சு இருளப்பசாமியின் பாதத்தில் ஏறி இறங்கியது. கூச்சத்தில் அவர் காலைத் தூக்கிவிட்டார். கீழே பார்த்தால் ஊன்ற இடமில்லை, எங்கும் குஞ்சுகள்.

"அசையாதீய!" என்றாள் முனீஸ்வரி.

கடைசிக் குஞ்சு தண்ணீரைத் தொடும்வரை, அத்தனை உயரமான மனிதர் ஒற்றைக் காலில் ஆடாமல் நின்றார்.